பல் அவசரங்களை வருமுன் தடுக்க: தினமும் செய்ய வேண்டியவை

பல் கெட ஆரம்பிப்பது ஒரு காலம், வலிக்க ஆரம்பிப்பது வேறொரு காலம். இரண்டுக்கும் நடுவே பல மாதங்கள், சில சமயம் வருடங்களே ஓடியிருக்கும். பல்லின் மேலோடான எனாமலில் நரம்பு இல்லை, உயிரணுவும் இல்லை. அது கரையும்போது நமக்கு எதுவும் தெரிவதில்லை. கரைந்து குழி விழுந்தபின் தானாக வளர்வதும் இல்லை. அடுத்த அடுக்கான டென்டினைச் சொத்தை தொட்ட பிறகுதான் குளிர்ந்த நீர் பட்டால் கூசும், இனிப்பு பட்டால் சுருக்கென்று வலிக்கும். அதையும் கடந்து, நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பற்கூழை எட்டும்போது வருவதுதான் படுக்க விடாத வலி. கூழைச் சுற்றிலும் கெட்டியான சுவர். உள்ளே வீங்கினால் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் வலி இன்னும் மோசமாகும். பல்வலி ராத்திரியில் உச்சத்துக்குப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கூழ் அழற்சி, சீழ்க்கட்டி, கடிக்கும்போது பிளந்த கடைவாய்ப்பல், கழன்று விழுந்த கேப் (பல்லின் மேல் ஒட்டும் செயற்கை உறை), ஞானப்பல்லைச் சுற்றிய ஈறு வீக்கம் எல்லாமே பெரும்பாலும் முன்கூட்டி அடையாளம் காட்டிவிட்டுத்தான் வருகின்றன. விபத்தில் அடிபடுவது ஒன்றுதான் விதிவிலக்கு. அதிலும் தடுக்கக்கூடிய பங்கு உண்டு. கீழே வருபவை எல்லாம் ஒரே எடை உள்ளவை அல்ல. இரண்டை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், ராத்திரி ஒழுங்காகத் துலக்குவதும், ஆரம்பித்த சிகிச்சையை முடிப்பதும் அந்த இரண்டாக இருக்கட்டும்.

ராத்திரி துலக்கல்

வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. பல்லின் மேற்பரப்பில் பிஎச் (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியேறத் தொடங்கும். அந்த அமிலத்தை மட்டுப்படுத்தி, போன தாதுக்களைத் திரும்பக் கொண்டுவருவது உமிழ்நீர். சாப்பிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் நிலைமை பழையபடி ஆகிவிடும். தூக்கத்திலோ உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துபோகும். காலையில் மட்டும் துலக்குகிறவர்கள், பல் மிகவும் பலவீனமாக இருக்கும் ஏழெட்டு மணி நேரத்தை அப்படியே பாக்டீரியாவிடம் விட்டுவிடுகிறார்கள். ராத்திரி துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக் கூடாது.

பேஸ்ட் வாங்கும்போது குழாயின் பின்பக்கத்தில் ஃபுளோரைடு அளவைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பிபிஎம் இருக்க வேண்டும். சொத்தை அடிக்கடி வருகிறவர்களுக்கு அந்த வரம்பின் மேல்முனை நல்லது. நுரையும் வாசனையும் எவ்வளவு இருந்தாலும் ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் சொத்தையைத் தடுப்பதில் பின்தங்கியே இருக்கிறது. துலக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள். தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காதீர்கள். இது பலருக்கும் ஒவ்வாத யோசனைதான். ஆனால் கொப்பளித்தால் பல்மேல் தங்கி வேலை செய்ய வேண்டிய ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். மௌத்வாஷ் பழக்கம் இருந்தால் அதை வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மென்மையான தூரிகையும் சிறிய தலையும் உள்ள பிரஷ் போதும். தூரிகைமுனை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்வாகப் படும்படி வைத்து, இரண்டு மூன்று பற்களாக, இருந்த இடத்திலேயே லேசாக அதிரச் செய்து, பிறகு கடிக்கும் பக்கம் நோக்கி இழுத்துவிட வேண்டும். வெளிப்பக்கம், உள்பக்கம், கடிக்கும் பக்கம் என மொத்தம் 2 நிமிடம். எல்லோரும் தவறவிடுகிற இடங்கள் மூன்று. கீழ் முன்பற்களின் உள்பக்கம்: பிரஷ்ஷைச் செங்குத்தாகத் திருப்பினால்தான் எட்டும். கீழ்க் கடைவாய்ப்பற்களின் நாக்குப் பக்கம். மேல் கடைசிப் பல்லின் கன்னப் பக்கம்: இதற்கு வாயை அகலத் திறந்தால் தாடை எலும்பு முன்னால் வந்து வழியை அடைத்துக்கொள்ளும். வாயைப் பாதி மூடி, தாடையை அந்தப் பக்கமாக நகர்த்தினால் பிரஷ் தாராளமாக உள்ளே போகும்.

அழுத்தித் தேய்ப்பது சுத்தம் அல்ல. கடினமான பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்குமாக அறுப்பதுபோல் தேய்த்தால் ஈறு இறங்கும். பல்லின் கழுத்தில் குழி விழும். பிறகு கூச்சம், இன்னும் ஆழமானால் பல் ஒடிந்துபோகிற நிலை. தூரிகை 3 மாதத்துக்கு முன்பே பூப்போல விரிந்துவிட்டால் கை அழுத்தம் அதிகம் என்று பொருள். விரல் நுனிகளால் மட்டும், பேனா பிடிப்பதுபோலப் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும்.

துலக்கும்போது ரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவது இயல்பாகத் தோன்றும். செய்ய வேண்டியது நேர்மாறானது. ரத்தம் வருவது ஈறில் அழுக்குப் படிந்து அழற்சி ஆகியிருப்பதால். அங்கேயே மென்மையாக, தவறாமல் துலக்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் நிற்கும். நிற்கவில்லை என்றால் காரை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கு, படிந்திருக்கும்; அதைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது, பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் செய்து சுரண்டி எடுக்க வேண்டும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் வீண். எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்த பல்லைக் காரை ஒட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவே. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு கெட்டால் சர்க்கரைக் கட்டுப்பாடும் சிரமமாகும்.

பல்லிடுக்கு

எவ்வளவு நன்றாகத் துலக்கினாலும் இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் பக்கத்துக்குள் பிரஷ் போகாது. கண்ணாடியில் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும் பல் உள்ளுக்குள் குடைந்திருப்பது அங்கேதான். அதன் மேல்கூரை ஒருநாள் சாதாரணச் சோற்றுக்கே இடிந்து விழும். ‘ஒன்றுமில்லாததைக் கடித்தேன், பல் உடைந்துவிட்டது’ என்று சொல்லப்படும் கதைகளில் பல இதுதான்.

பற்கள் நெருக்கமாக இருப்பவர்களுக்கு ஃபிளாஸ் நூல். சுமார் 45 செ.மீ. நீளம் எடுத்து, இரண்டு கையிலும் நடுவிரலில் சுற்றி, நடுவே 2 முதல் 3 செ.மீ. மட்டும் இழுத்துப் பிடியுங்கள். அறுப்பதுபோல் மெல்ல முன்னும் பின்னும் அசைத்து இறக்க வேண்டும். டக்கென்று அழுத்தினால் ஈறு கிழியும். உள்ளே போனதும் நூலை ஒரு பல்லின் பக்கவாட்டில் வளைத்து அணைத்து, ஈறுக்குச் சற்றுக் கீழிருந்து மேலும் கீழுமாக நாலைந்து முறை. பிறகு பக்கத்துப் பல்லுக்கும் அப்படியே. ஒவ்வோர் இடுக்குக்கும் நூலின் புதிய பகுதி.

ஈறு இறங்கி இடைவெளி விழுந்தவர்களுக்கு நூலைவிட இடுக்குப் பிரஷ் நன்றாக வேலை செய்யும். சரியான அளவு எதுவென்றால், உள்ளே போகும்போது தூரிகை இருபுறமும் உரச வேண்டும், கம்பி உரசக் கூடாது. முன்பல்லுக்கு ஒன்று, கடைவாய்க்கு ஒன்று என இரண்டு அளவு தேவைப்படலாம். குச்சி, ஊசி, காகித மூலை எல்லாம் இடுக்கில் ஒடிந்து தங்கி, தாமே ஈறில் சீழ்க்கட்டி உண்டாக்கும். ஈறுக்குள் மாட்டிய மெல்லிய உமி அல்லது தோல் துணுக்கும் அப்படித்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளித்து, ஃபிளாஸால் வளைத்து இழுத்து எடுக்க வேண்டும்.

இடுக்கைச் சுத்தம் செய்வதில் சுத்தத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: முன்னறிவிப்பு. நூல் எப்போதும் ஒரே இடத்தில் பிரிந்து அறுந்தால் அங்கே சொத்தையின் ஓரமோ உடைந்த ஃபில்லிங்கின் விளிம்போ இருக்கிறது. சாப்பாடு எப்போதும் ஒரே இடுக்கில் மாட்டினால் அந்த இரு பற்களின் ஒட்டு விலகியிருக்கிறது. நூலை எடுத்து முகர்ந்தால் ஓரிடத்தில் மட்டும் கெட்ட நாற்றம் வந்தால் அங்கே ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலான பள்ளம் ஆழமாகியிருக்கும். இவற்றில் எதுவும் வலிக்காது. இந்தக் கட்டத்தில் போனால் ஒரே அமர்வில் அடைத்துவிடக்கூடியதைத் தள்ளிப்போட்டால் ரூட் கெனால் (கெட்ட கூழை எடுத்து வேர்க்குழாயை அடைக்கும் சிகிச்சை) வரை போகும்.

வாய்க்குள் எத்தனை முறை போகிறது

இனிப்பின் அளவைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. ஒரு முழு இனிப்பைச் சாப்பாட்டோடு முடித்தால் பல்லுக்கு ஓர் அமிலத் தாக்குதல். அதையே கடித்துக் கடித்து மதியம் முழுக்க வைத்திருந்தால் உமிழ்நீர் மீள நேரமே கிடைக்காது. சர்க்கரை போட்ட பானத்தை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உறிஞ்சுவது இதிலேயே மோசமான பழக்கம். இருமல் மருந்து, தொண்டைக்குச் சப்பும் மிட்டாய், குழந்தைகளின் இனிப்பு டானிக் இவற்றையும் சர்க்கரைக் கணக்கில் சேருங்கள். படுக்கப் போகுமுன் குடிக்கும் மருந்து என்றால் அதற்குப் பிறகு துலக்க வேண்டும், முன்பு அல்ல.

புளிப்பான பழச்சாறோ சோடா பானமோ குடித்த உடனே பிரஷ் எடுக்காதீர்கள். அமிலத்தில் ஊறி மிருதுவான எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடுவோம். தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுங்கள். வாந்தி எடுத்த பிறகும் இதே விதி. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்தால் அமிலம் முறியும். கர்ப்ப காலத்தில் மசக்கை வாந்தி உள்ளவர்களுக்கும், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் இது மிகவும் உதவும்.

ஒவ்வாமை, மனச்சோர்வு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளில் பல வாயை உலரச் செய்பவை. உமிழ்நீர் குறைந்த வாயில் சில மாதங்களிலேயே பல்லின் கழுத்தைச் சுற்றி வரிசையாகச் சொத்தை விழும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுங்கள், பல் மருத்துவரிடம் கூடுதல் ஃபுளோரைடு பற்றிக் கேளுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

பல் உடைவது

ஐஸ் கட்டி, எலும்பு, விதைக் கொட்டை, தானியத்தில் கிடக்கும் கல், பாட்டில் மூடி, நூல், பிளாஸ்டிக் உறை, வாயில் கவ்விக்கொள்ளும் ஆணி, பேனா முனை. கடித்த அன்றே பல் உடைவது குறைவு. ஒவ்வொரு முறையும் மயிரிழை போன்ற விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, கடைசியில் மிகச் சாதாரணமான ஒன்றைக் கடிக்கும்போது பிளக்கிறது. நாக்கிலோ உதட்டிலோ உலோக வளையம் குத்தியிருப்பவர்கள் அதைப் பல்லில் தட்டிக்கொண்டே இருப்பதும் இதே வேலையைச் செய்யும்.

விரிசலுக்கென்று தனி அடையாளம் உண்டு: கடித்ததை விடும் நொடியில் மின்னல்போல ஒரு குத்தல். எந்தப் பல் என்றுகூடச் சொல்ல முடியாது, எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. அதனால் ‘வந்து போகிறது, பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். விரிசல் பல்லின் மேல்பகுதியோடு நிற்கும்போது கேப் போட்டுக் காப்பாற்றிவிடலாம். வேர்வரை பிளந்துவிட்டால் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை.

மூன்று வகைப் பற்கள் உடைவதற்கு முன்வரிசையில் நிற்பவை. பாதிக்கு மேல் ஃபில்லிங் அடைத்த கடைவாய்ப்பல் ஒன்று. ரூட் கெனால் செய்து கேப் போடாத கடைவாய்ப்பல் மற்றொன்று: சொத்தைக்காகவும் வழி திறப்பதற்காகவும் உள்ளே நிறையக் குடைந்திருப்பதால் மீதிச் சுவர் மெலிந்து நிற்கும். மூன்றாவது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களின் பற்கள். காலையில் எழும்போது தாடை வலி, நெற்றிப்பொட்டில் தலைவலி, கோரைப்பல்லின் கூர் மழுங்கிப்போவது, கன்னத்தின் உள்பக்கத்தில் வெள்ளைக் கோடு ஆகியவை இருந்தால் சந்தேகிக்கலாம். ராத்திரி பல்லின்மேல் மாட்டிக்கொள்ள அளவெடுத்துச் செய்த உறையான நைட் கார்டு கடிப்பதை நிறுத்தாது. பல்லுக்குப் பதிலாகத் தான் தேயும், அதுதான் வேண்டியதும். காலையில் குளிர்ந்த நீரில் கழுவி உலர வைக்க வேண்டும். கொதிநீர் பட்டால் நெளிந்துவிடும்.

பாதியில் விட்ட சிகிச்சை

அவசரமாக ஓடி வருகிற பலருக்கும் புதிதாக ஒன்றும் வந்திருக்காது. ஏதோ ஒரு பல்லில் ஆரம்பித்த வேலை முடியாமல் நின்றிருக்கும். ரூட் கெனாலின் முதல் அமர்வில் கூழை எடுத்ததும் வலி போய்விடும். தற்காலிக ஃபில்லிங் வைத்து அனுப்புவார்கள். அது சில வாரங்களுக்கென்றே செய்த மெத்தென்ற பொருள். மெல்ல மெல்லத் தேய்ந்து ஓரம் திறக்கும், எச்சில் உள்ளே போகும், வேர்க்குழாயில் மறுபடி கிருமி. மூன்று மாதம் கழித்து முகம் வீங்கி வரும்போது ஆரம்பத்திலிருந்து எல்லாம் செய்ய வேண்டும். சில சமயம் அதற்கும் பல் மிஞ்சியிருக்காது.

இன்னொரு பொறி, தானாக நின்ற வலி. சில நாள் கொடுமையாக வலித்த பல் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் அமைதியானால் அது ஆறியதாக நினைக்காதீர்கள். நரம்பு செத்துப்போயிருக்கலாம். செத்த கூழில் கிருமி பெருகி, வேர்நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். ஈறில் கொப்புளம்போல் ஒன்று எழும்பி, உடைந்து, மறுபடி எழும்பினால் அது சீழ் வெளியேறும் வாய். வலி இல்லாமலிருக்கக் காரணமும் அதுதான். ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் இதே மயக்கத்தைத் தரும். வீக்கம் வடியும், ஆனால் ரத்த ஓட்டமே இல்லாத பல்லுக்குள் மருந்து போய்ச் சேராது. கிருமியின் கூடு அப்படியே இருக்கும். கூழ் அழற்சியின் வெறும் வலிக்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்வதில்லை.

கேப் கழன்றால் தூக்கிப்போடாதீர்கள். கழுவி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஓரிரு நாளில் எடுத்துச் செல்லுங்கள். பல் நன்றாக இருந்தால் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். அதுவரை அந்தப் பக்கம் மெல்லாமல் இருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் தற்காலிகப் பல் சிமெண்டால் வைத்துக்கொள்ளலாம், தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்; தூக்கத்தில் விழுங்கவும் மூச்சுக்குழாயில் போகவும் வாய்ப்பு உண்டு. சூப்பர் க்ளூ மட்டும் கூடாது: ஈறைப் பொசுக்கும், கேப்பையும் பல்லையும் சேர்த்து வீணாக்கும். தற்காலிகக் கேப் போட்டிருக்கும் நாட்களில் ஃபிளாஸைக் கடிக்கும் பக்கம் நோக்கி இழுக்காமல் ஒரு முனையை விட்டுப் பக்கவாட்டில் உருவுங்கள். ஒட்டும் மிட்டாய் வேண்டாம்.

ஞானப்பல்

17 முதல் 25 வயதுக்குள் பாதி முளைத்து நிற்கும் கீழ் ஞானப்பல்லின் மேல் ஈறு ஒரு மூடிபோல் கிடக்கும். அதன் அடியில் சாப்பாடு தங்கிக் கிருமி சேர்ந்தால் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கும்போது வலி. சின்னத் தலைப் பிரஷ்ஷால், முடிந்தால் ஒற்றைக் கொத்துப் பிரஷ்ஷால், அந்த மடிப்பின் ஓரத்தைத் தினமும் இரண்டு முறை துடையுங்கள். சாப்பிட்ட பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன். ஒரு தடவை வீங்கி ஆறிய இடம் திரும்ப வீங்கும். இரண்டாவது தடவை வந்தால் பரீட்சையோ பயணமோ குறுக்கிடும்வரை விடாமல் அதன் நிலையை எக்ஸ்ரே எடுத்து முடிவு செய்யுங்கள்.

குழந்தைகளும் முதியவர்களும்

ஆறு வயதை ஒட்டி, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். விழுந்து முளைக்காததால் அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல். அதன் பள்ளங்கள் ஆழமானவை. முளைத்ததும் பள்ளங்களை மூடும் சீலண்ட் பூசினால் சொத்தை வெகுவாகக் குறையும். பேஸ்ட் 3 வயதுவரை அரிசி மணி அளவு, 3 முதல் 6 வயதுவரை பட்டாணி அளவு. ஏழெட்டு வயதுவரை ராத்திரித் துலக்கலைப் பெரியவர்களே செய்துவிட வேண்டும், அந்தக் கைக்கு இன்னும் பக்குவம் வந்திருக்காது. பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிட்டால் மேல் முன்பற்கள் வரிசையாகக் கரையும்.

முதியவர்களுக்கு ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் கிடையாது. எனாமலைவிட எளிதில் சொத்தையாகும். கழற்றி மாட்டும் பல் செட்டைக் கழுவும்போது தொட்டியில் தண்ணீர் நிரப்பியோ துணி விரித்தோ அதன் மேல் வைத்துக் கழுவுங்கள். உடைவதெல்லாம் பெரும்பாலும் கை நழுவி விழுந்துதான். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், சுடுநீரில் அல்ல. செட் உரசி வந்த புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால், உரசல்தான் காரணம் என்று விட்டுவிடாமல் காட்ட வேண்டும்.

அடிபடும்போது

பந்து, மட்டை, மோதல் உள்ள எந்த விளையாட்டிலும் பல்லை மூடிக் காக்கும் மௌத் கார்டு வேண்டும், பயிற்சியின்போதும். அளவெடுத்துச் செய்ததுதான் சிறந்தது. இல்லையென்றால் வெந்நீரில் மிருதுவாக்கிக் கடித்துப் பதிக்கும் வகை. வளரும் பிள்ளைகளுக்கு அது சீக்கிரமே பொருந்தாமல் போகும், கடித்து மெலிந்தாலும் மாற்ற வேண்டும். முன்பல் தூக்கலாக உள்ள குழந்தைகளுக்கு அடிபடும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்களுக்குக் கிளிப் போடுவது அழகுக்காக மட்டும் அல்ல. கிளிப் போட்டவர்கள் மெழுகுத் துண்டு ஒன்றைப் பையில் வைத்திருந்தால் குத்தும் கம்பி முனையை மூடிவிடலாம்.

நிரந்தரப் பல் வேரோடு பெயர்ந்து விழுந்தால் அடுத்த சில நிமிடங்கள்தான் அதன் கதியை முடிவு செய்யும்:

1. பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளையான மேல்பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள்.
2. அழுக்கு இருந்தால் பாலிலோ சலைனிலோ அலசுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 10 விநாடி. சோப்பு, தேய்த்தல், துணியால் துடைத்தல் வேண்டாம். வேரின்மேல் ஒட்டியிருக்கும் செல்கள்தான் பல்லை மறுபடி எலும்போடு சேர்ப்பவை.
3. அடிபட்டவர் நினைவோடு இருந்தால், பல்லின் முன்பக்கம் வெளியே பார்க்கும்படி குழிக்குள் மெல்ல அழுத்தி வைத்து, சுத்தமான கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள்.
4. முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போடுங்கள். பால் இல்லையென்றால் அவரையே ஒரு டப்பாவில் துப்பச் சொல்லி அந்த உமிழ்நீரில். வெறும் தண்ணீரில் ஊறினால் செல்கள் வெடித்துச் சாகும்.
5. உடனே பல் மருத்துவரிடம். உலர்ந்து 60 நிமிடம் கடந்தால் வேர்ச் செல்கள் பிழைக்காது. டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் கேளுங்கள்.

பால்பல் பெயர்ந்தால் திரும்ப வைக்கக் கூடாது; கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல் சேதமாகும்.

பல் எடுத்த பிறகு

குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் அங்கே இயற்கையான கட்டு. காஸ் துணியை அரை மணி முதல் முக்கால் மணிவரை அழுத்திக் கடியுங்கள், நடுவே எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். 24 மணி நேரம் வேகமாகத் துப்புவது, கொப்பளிப்பது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். புகைப்பிடிப்பதைச் சில நாட்களுக்காவது விட்டுவிடுங்கள். கட்டி பிடுங்கிக்கொண்டு போனால் எலும்பு வெறுமையாகி, இரண்டு முதல் நான்கு நாளில் காதுவரை பாயும் வலி வரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு பிஸ்பாஸ்பனேட் ஊசியோ மாத்திரையோ, தலை கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சோ ஆரம்பிக்கப் போகிறவர்கள் அதற்கு முன்பே கெட்ட பற்களை எடுத்து முடித்துவிட வேண்டும். பிறகு பல் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

பரிசோதனை

6 மாதம் என்பது எல்லோருக்குமான விதி அல்ல. புதிய சொத்தையே வராத வாய்க்கு வருடம் ஒருமுறை போதும். ஈறு நோய், சர்க்கரை, வாய் உலர்வு இருந்தால் 3 மாதம்கூட அதிகமில்லை. போகும்போது இடுக்குச் சொத்தைக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். நீண்ட பயணம் இருந்தால் கிளம்ப ஒரு மாதம் முன்பு காட்டுங்கள், கண்டுபிடித்ததைச் சரிசெய்ய நேரம் வேண்டும். விமானம் ஏறும்போது மட்டும் வலிக்கும் பல், காற்றழுத்தம் மாறுவதால் உள்ளே ஒளிந்திருந்த கோளாறைக் காட்டுகிறது.

அப்படியும் வலி வந்தால்

பெரியவர்களுக்கு, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ஆஸ்துமா, ரத்தம் உறையாமை மருந்து ஆகியவை இல்லையென்றால், சாப்பாட்டுக்குப் பிறகு ஐபுபுரோஃபென் 400 மி.கி.; அதோடு பாராசிட்டமால் 500 முதல் 1000 மி.கி. சேர்ந்து நன்றாகக் கேட்கும். பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறோ மெலிந்த உடலோ உள்ளவர்களுக்கு அதற்கும் குறைவு. ஆஸ்பிரினை ஈறில் அடக்கி வைத்தால் பல்வலி போகாது, ஈறு வெந்துபோகும். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஒரு சொட்டு எடுத்துப் பல்லின் குழியில் மட்டும் வைக்கலாம். ஈறில் வழிந்தால் எரித்துவிடும். வீங்கிய கன்னத்தில் சூடு வைக்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை வெளிப்புறமாக 15 நிமிடம் வைத்து எடுங்கள். தலையணையை உயர்த்திப் படுங்கள்.

வீக்கம் கண்ணை நோக்கியோ தாடைக்குக் கீழே கழுத்தை நோக்கியோ பரவினால், நாக்கின் அடிப்பகுதி மேலே தூக்கிக்கொண்டால், எச்சிலை விழுங்க முடியாமல் வடிந்தால், இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காவிட்டால், காய்ச்சலோடு நடுக்கம் இருந்தால், மூச்சு திணறினால், பல் மருத்துவமனை திறக்கட்டும் என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளின் பெயர், ஒவ்வாத மருந்து, கடைசியாக எந்த வலி மாத்திரையை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அங்கே போய்ச் சேரும்போது உங்களால் பேச முடியாமல் போகலாம்.